பூவா தலையா போட்டுக் கிடைத்த சொந்தம்: பிரிஸ்டல் சோதனைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு தாளில் இரண்டு வரிசை எண்கள். மேல் வரிசை 7, 8, 9 என்று ஒவ்வொன்றாக ஏறி 19இல் முடிகிறது. கீழ் வரிசை 1, 3, 5 என்று இரண்டிரண்டாகத் தாவி 25இல் முடிகிறது. மேலும் கீழுமாகச் சேர்த்தால் பதின்மூன்று கட்டங்கள். மேல் எண் உங்கள் குழுவில் ஒருவருக்குப் போகும் புள்ளி. கீழ் எண் அடுத்த குழுவில் ஒருவருக்குப் போகும் புள்ளி. இரண்டு பேரும் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு எண்ணும் ஒரு குழுப் பெயரும்தான் தாளில் இருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது ஒரே ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுப்பது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதிலிருந்து உங்கள் பைக்கு ஒரு காசும் வராது.

வலது கோடிக் கட்டம் 19க்கு 25. நம்மவருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சம் அதுதான். ஆனால் அடுத்தவருக்கு அதைவிட ஆறு கூடுதல். நடுக்கட்டம் 13க்கு 13. இடது கோடி 7க்கு 1. இங்கே நம்மவருக்கு 12 புள்ளி நஷ்டம். ஆனால் அடுத்தவரைவிட ஆறு புள்ளி முன்னால் நிற்பார்.

நம்மவருக்கு நல்லது செய்வதுதான் நோக்கம் என்றால் வலது கோடியைத் தொட்டுவிட்டு எழுந்து போகலாம். நியாயம்தான் நோக்கம் என்றால் நடுக்கட்டம் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களிடம் இந்தத் தாளைக் கொடுத்தபோது, அவர்களுடைய தேர்வுகள் நடுவிலிருந்து இடப்பக்கம் சாய்ந்தன. நம்மவனுக்கு 19 கிடைத்து அடுத்தவனுக்கு 25 கிடைப்பதைவிட, நம்மவனுக்கு 11 கிடைத்து அடுத்தவனுக்கு 9 கிடைப்பது மேல் என்று 14, 15 வயதுப் பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். அரை நூற்றாண்டாகச் சமூக உளவியலில் இவ்வளவு அலசப்பட்ட தாள்கள் மிகக் குறைவு.

இதைத் தேர்ந்தெடுத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஓரவஞ்சனையைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் ஒரு விளக்கத்தைக் கையிலேயே வைத்திருக்கிறோம்: தன்னைப் போல் இருப்பவரை மனிதனுக்குப் பிடிக்கும், பிடித்தவருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பான், அவ்வளவுதான். ‘இனம் இனத்தோடு சேரும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிரிஸ்டலில் நடந்தது அந்த விளக்கத்தின் அடிக்கல்லையே பெயர்த்தது.

கேட்ட கேள்வி

சோதனையை வடிவமைத்தவர் ஹென்றி தாஜ்ஃபெல். 1919இல் போலந்தின் வுவோத்ஸ்வாவெக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். போலந்துப் பல்கலைக்கழகங்களில் யூதர்களுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்த காலம். வேதியியல் படிக்கப் பிரான்சுக்குப் போனார். போர் வந்தது, பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார், 1940இல் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். ஐந்து ஆண்டு போர்க்கைதி முகாம்களில் கழிந்தது. யூதர் என்பது தெரிந்திருந்தும் அவர் உயிர் பிழைத்ததற்கு ஒரு காரணம், பிரெஞ்சுக்காரராகவே கடைசி வரை நடித்தது. போலந்து யூதர் என்ற உண்மை வெளிவந்திருந்தால் அவருடைய குணம், மொழித்திறன், காவலருடன் இருந்த பழக்கம் எதுவும் உதவியிருக்காது. 1945 மே மாதம் கைதிகளை ஏற்றிவந்த ரயிலில் பாரிஸில் வந்து இறங்கிய சில நாட்களில், போருக்கு முன் தனக்குத் தெரிந்தவர்களில், சொந்தக் குடும்பம் உட்பட, ஏறக்குறைய யாரும் மிச்சமில்லை என்பதை அறிந்துகொண்டார்.

பிறகு அனாதைக் குழந்தைகளுக்கான நிவாரணப் பணி, இங்கிலாந்து, வயது கடந்த மாணவராக உளவியல் படிப்பு, ஆக்ஸ்ஃபோர்டு, 1967இல் பிரிஸ்டலில் பேராசிரியர் பதவி.

ஆளைப் பார்க்காமல் முத்திரையைப் பார்த்து முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்பதை ஐந்து ஆண்டு தோலோடு உணர்ந்தவர் ஒருவர் ஆய்வுக்கூடத்துக்குள் போனால் என்ன கேட்பார்? பகை, போட்டி, பழைய கணக்கு, தலைவர்களின் தூண்டுதல் என்று குழுச் சண்டைக்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாவற்றையும் உரித்து எறிந்துவிட்டால், மிஞ்சும் வெறும் முத்திரைக்கு எவ்வளவு பலம் உண்டு? முதலில் ஒன்றுமே இல்லாத ஒரு நிலையை அமைத்துக்கொண்டு, பாகுபாடு இல்லாத அந்த அடிக்கோட்டிலிருந்து ஒவ்வொரு காரணமாகச் சேர்த்துப் பார்ப்பது திட்டம். அடிக்கோடு அமையவே இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்திலேயே பாகுபாடு உட்கார்ந்திருந்தது.

புள்ளிகளும் ஓவியங்களும்

முதல் சோதனையில் பிரிஸ்டல் புறநகர்ப் பள்ளி ஒன்றிலிருந்து 64 பையன்கள், எட்டு எட்டுப் பேராக வந்தார்கள். ஒவ்வோர் எட்டுப் பேரும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்கள், ஏற்கெனவே நன்றாகப் பழகியவர்கள். திரையில் புள்ளிக் கூட்டங்கள் மின்னி மறைந்தன, மொத்தம் 40 முறை. எத்தனை புள்ளி என்று குத்துமதிப்பாக எழுத வேண்டும். பிறகு அவர்களைப் பிரித்தார்கள். சிலரிடம், நீங்கள் கூட்டி மதிப்பிடுபவர்கள், அவர்கள் குறைத்து மதிப்பிடுபவர்கள் என்றார்கள். வேறு சிலரிடம், நீங்கள் துல்லியமாக எண்ணியவர்கள், அவர்கள் அவ்வளவு துல்லியம் இல்லாதவர்கள் என்றார்கள். உண்மையில் பையன்கள் எழுதிய விடைக்கும் அவர்கள் போய்ச் சேர்ந்த குழுவுக்கும் சம்பந்தமே இல்லை. குலுக்கல் முறையில்தான் பிரித்தார்கள். தன் குழு எது என்று ஒவ்வொருவனிடமும் தனியாகச் சொல்லி, தனித் தடுப்பறையில் உட்காரவைத்துக் கட்டங்கள் அடங்கிய கையேட்டைக் கொடுத்தார்கள். ஒரு புள்ளி ஒரு பென்னியில் பத்தில் ஒரு பங்கு. கேலிக்குரிய தொகைதான். ஆனால் பள்ளிப் பையனுக்குக் காசு காசுதான்.

இரண்டு பேரும் தன் குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்கும் பக்கத்தில் பையன்கள் சமமாகப் பிரித்தார்கள். இரண்டு பேரும் அடுத்த குழு என்றாலும் அப்படியே. ஒருவன் இங்கே, ஒருவன் அங்கே என்று வரும் பக்கத்தில்தான் கை சாய்ந்தது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: ‘துல்லியமானவர்கள்’ என்ற பெருமைப் பட்டம் கொடுத்த பிரிவிலும், வெறுமனே கூட்டல், குறைத்தல் என்று சொன்ன பிரிவிலும் சாய்வில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. பட்டத்தில் பெருமை இருக்க வேண்டும் என்பது கூட இல்லை. பட்டம் இருந்தால் போதும்.

என் பள்ளியில் ஆண்டு விளையாட்டு விழாவுக்கு வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சொல்லவைத்துச் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று பிரிப்பார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன் அன்று மாலைக்குள் எதிரணிக்காரன் ஆகிவிடுவான். மறுநாள் அவன் நீளம் தாண்டும்போது கோட்டை மிதித்தான் என்று நான் சத்தியம் செய்தேன். அவன் மிதிக்கவில்லை.

இரண்டாவது சோதனையில் 48 பையன்கள். இந்த முறை புள்ளிகள் இல்லை, ஓவியங்கள். பால் க்ளே, வசீலி கான்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்கள், ஆளுக்கு ஆறு, யாருடையது என்று சொல்லாமல் திரையில் காட்டப்பட்டன. எது பிடித்தது என்று குறிக்கச் சொன்னார்கள். பிறகு நீ க்ளே குழு, நீ கான்டின்ஸ்கி குழு என்றார்கள். இதுவும் குலுக்கல்தான். முதல் பத்தியில் சொன்ன பதின்மூன்று கட்டத் தாள் இந்தச் சோதனைக்குச் சொந்தமானது.

தாஜ்ஃபெல் எதை நினைத்து இந்த இருவரைப் பிடித்தாரோ, எனக்கு அந்தத் தேர்வு ஒரு குரூரமான நகைச்சுவையாகப் படுகிறது. க்ளேயும் கான்டின்ஸ்கியும் நெருங்கிய நண்பர்கள். பௌஹௌஸ் கலைப் பள்ளியில் இருவரும் ஆசிரியர்கள். தெஸ்ஸாவ் நகரில் ஒரே இரட்டை வீட்டின் இரு பாதிகளில், நடுவே ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டு குடியிருந்தவர்கள். 1933இல் இருவரும் ஜெர்மனியை விட்டு வெளியேறினார்கள்; 1937இல் நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்று பழித்து நடத்திய கண்காட்சியில் இருவர் படங்களையும் ஒன்றாகவே மாட்டினார்கள். அவர்களைத் துரத்தியவர்களுக்கு இருவருக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. பிரிஸ்டல் பையன்களுக்குத் தெரிந்தது.

ஒப்புமையைத் தனியே பிரித்தல்

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழுந்தது. க்ளே குழு என்றால் வெறும் பெயரா? ‘இவனுக்கும் எனக்கும் ஒரே ரசனை’ என்ற செய்தியும் அதற்குள் ஒளிந்திருக்கிறதே. ரசனை ஒத்துப்போகிறவனுக்குக் கூட்டிக் கொடுத்தான் என்றால் அது குழுப் புத்தி ஆகாது, ஒப்புமை மீதான விருப்பம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த ஆட்சேபத்துக்குப் பின்னால் கனமான ஆய்வு மரபு ஒன்று இருந்தது. அமெரிக்காவில் டான் பைர்ன் 1960களின் தொடக்கம் முதல், கருத்துகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றனவோ அந்த அளவுக்கு ஒருவரை ஒருவருக்குப் பிடிக்கிறது என்பதைச் சோதனை மேல் சோதனையாகக் காட்டிக்கொண்டிருந்தார். மில்டன் ரோக்கீச் இன்னும் ஒரு படி மேலே போனார். வெள்ளையர் கறுப்பரை ஒதுக்குவது தோலின் நிறத்தால் அல்ல, அவருடைய நம்பிக்கைகள் தன்னுடையதிலிருந்து வேறுபட்டவை என்று எண்ணிக்கொள்வதால்தான் என்று வாதிட்டார். இது உண்மையானால் இன வெறுப்புக்கு மருந்து எளிது: பேசிப் பழகவிட்டால், நாமெல்லாம் ஒன்றுதான் என்று தெரிந்துவிடும். கேட்க இதமாக இருக்கும் கோட்பாடு. எனக்கு இதமான கோட்பாடுகள் மேல் எப்போதும் ஒரு சந்தேகம்.

தாஜ்ஃபெலின் மாணவர் மைக்கேல் பில்லிக் அவரோடு சேர்ந்து 1973இல் வெளியிட்ட சோதனை, ஒப்புமையையும் முத்திரையையும் பிரித்துத் தனித்தனித் தட்டில் வைத்தது. மாணவர்கள் நான்கு பிரிவு. எல்லோருக்கும் ஓவியங்கள் காட்டப்பட்டன.

முதல் பிரிவில் பழையபடி, ரசனை அடிப்படையில் குழு என்று சொல்லப்பட்டது. ஒப்புமையும் உண்டு, முத்திரையும் உண்டு. இரண்டாவது பிரிவில் பையன்களின் முன்னிலையிலேயே பூவா தலையா போட்டார்கள். ரசனைக்கும் இதற்கும் தொடர்பில்லை, நாணயம் எப்படி விழுந்ததோ அப்படிப் பிரித்திருக்கிறோம் என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்கள். அங்கே முத்திரை மட்டும். மூன்றாவது பிரிவில் குழு என்ற சொல்லையே எடுக்கவில்லை; இன்ன எண் வரிசைக்காரர்கள் உன்னைப் போலவே ஓவியம் தேர்ந்தவர்கள் என்ற செய்தி மட்டும் கிடைத்தது. ஒப்புமை உண்டு, முத்திரை இல்லை. நான்காவது பிரிவில் இரண்டும் இல்லை, வெறும் எண்கள்.

பிறகு அதே புள்ளிக் கட்டங்கள்.

ரோக்கீச் சொன்னது சரியென்றால் மூன்றாவது பிரிவு இரண்டாவது பிரிவைத் தூக்கிச் சாப்பிட்டிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. நாணயத்தால் பிரிக்கப்பட்ட பையன்கள், அது நாணயத்தால் வந்த பிரிவு என்று தெரிந்தே, தன் பக்கத்துக்காரனுக்குக் கூட்டிக் கொடுத்தார்கள். ஒப்புமை மட்டும் தெரிந்த பிரிவிலும் ஒத்தவர் பக்கம் சிறிது சாய்வு இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் முத்திரை இழுத்த இழுப்புக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: ‘இடுகிறவன் தன்னவன் ஆனால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன?’ பரிமாறுபவன் நம்மவனாக இருந்தால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலையில் வடை விழும். பழமொழி ‘தன்னைப் போன்றவன்’ என்று சொல்லவில்லை, ‘தன்னவன்’ என்று சொல்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் பில்லிக்கும் தாஜ்ஃபெலும் அளந்தார்கள். தன்னைப் போன்றவன் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். தன்னவன் என்பது யாரோ ஒருவர் வரைந்த கோடு.

கோடு முந்தியா, ஒப்புமை முந்தியா?

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் ஒப்புமைக்கு வேலையே இல்லை என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்புமைக்கு வேலை இருக்கிறது. ஆனால் நாம் நினைக்கிற வேலை இல்லை. முன்னால் வந்து காரணமாக நிற்பதைவிட, பின்னால் வந்து சாட்சி சொல்கிறது.

1963இல் தாஜ்ஃபெல், வில்க்ஸ் என்பவரோடு சேர்ந்து மனிதர்களே இல்லாத ஒரு சோதனை செய்திருந்தார். எட்டுக் கோடுகள், ஒன்றைவிட ஒன்று சிறிதளவு நீளம். ஒவ்வொன்றின் நீளத்தையும் மதிப்பிட வேண்டும். ஒரு பிரிவினருக்குக் குட்டையான நான்கு கோடுகளின் மேல் ஓர் எழுத்தும், நீளமான நான்கின் மேல் வேறோர் எழுத்தும் போட்டுக் காட்டினார்கள். அவ்வளவுதான். நான்காவது கோட்டுக்கும் ஐந்தாவது கோட்டுக்கும் இடையே உள்ள சிறு இடைவெளி அவர்கள் கண்ணில் பெரிதாக விரிந்தது. எழுத்து இல்லாமல் பார்த்தவர்களுக்கு அப்படி விரியவில்லை. எழுத்துகளைக் கலைத்துப் போட்டுக் காட்டியபோதும் விரியவில்லை.

கடைசி வரி முக்கியம். கோடுகள் விஷயத்தில், எழுத்து நீளத்தோடு பொருந்தி வந்தால்தான் கண் ஏமாந்தது. தாறுமாறாகப் போட்ட எழுத்தைக் கண் மதிக்கவில்லை. மனிதர்கள் விஷயத்தில் தாறுமாறாகப் போட்ட முத்திரையே போதுமானதாக இருந்தது. கோட்டின் நீளத்தைப் பார்க்கும்போது நமக்கு இருக்கும் நிதானம் மனிதனைப் பார்க்கும்போது இல்லை.

1979இல் வெர்னன் ஆலன், டேவிட் வைல்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே மறுமுனையிலிருந்து பிடித்தார்கள். ஓவிய ரசனை என்ற சாக்கில் மாணவர்களை இரண்டாகப் பிரித்துவிட்டு, உன் குழுவில் உள்ள ஒருவர் அரசியல், கல்லூரி வாழ்க்கை போன்றவை பற்றி என்ன நினைப்பார் என்று ஊகிக்கச் சொன்னார்கள். ஓவியத்துக்கும் அரசியலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் தன் குழுக்காரர் தன்னைப் போலவே நினைப்பார், அடுத்த குழுக்காரர் வேறு மாதிரி நினைப்பார் என்று எழுதினார்கள். முதலில் கோடு, அதற்குப் பிறகு, பார்த்தாயா, நாங்கள் எல்லாம் ஒரே மாதிரி என்ற கண்டுபிடிப்பு.

அதனால்தான் ‘எங்கள் ஆட்களுக்கு உழைப்பு ரத்தத்திலேயே ஊறியது’, ‘எங்கள் பக்கத்துக்காரர்கள் சொன்ன சொல் தவறமாட்டார்கள்’ என்று ஒருவர் பேசத் தொடங்கும்போது, அதை அவருடைய பாரபட்சத்துக்குக் காரணமாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். காரியம் முடிந்த பிறகு எழுதப்பட்ட ரசீது அது.

ஒப்புக்கொள்ளாதவர்கள்

பிரிஸ்டல் முடிவுகள் எதிர்ப்பில்லாமல் நிலைபெற்றவை அல்ல. எதிர்ப்புகளில் சில எனக்குப் பலவீனமாகத் தோன்றுகின்றன. ஒன்று மிக வலுவாகத் தோன்றுகிறது.

பையன்களுக்கு வேறு எந்தத் தகவலும் இல்லை, குழுப் பெயரைக் கொடுத்துவிட்டுப் பங்கிடச் சொன்னால் அதை வைத்துத்தானே பங்கிடுவார்கள் என்பது ஒரு வாதம். உண்மைதான். ஆனால் 13/13 என்ற கட்டமும் கண் முன்னால் இருந்ததே. சமமாகப் பிரிக்கும் ஆசையும் அவர்களிடம் பலமாகவே இருந்தது என்பதை ஆய்வாளர்களே குறித்திருக்கிறார்கள். அந்த ஆசையை மீறித்தான் கை இடது பக்கம் போனது.

வலுவான எதிர்ப்பு ஜப்பானிலிருந்து வந்தது. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் தோஷியோ யாமகிஷியும் கூட்டாளிகளும் ஒரு எளிய விஷயத்தைக் கவனித்தார்கள். தாஜ்ஃபெலின் தாளில் ஒருவன் தனக்குத்தானே புள்ளி போட்டுக்கொள்ள முடியாது, சரி. ஆனால் அவனுக்கும் யாரோ ஒருவர் புள்ளி போட்டுக்கொண்டிருக்கிறார். நான் என் குழுவுக்குப் போட்டால் என் குழுவில் உள்ளவர்கள் எனக்குப் போடுவார்கள் என்ற சொல்லப்படாத எதிர்பார்ப்பு அந்த அறையில் இருந்தது. 1993இல் வெளியான ஆய்வில் அந்த எதிர்பார்ப்பை அறுத்துப் பார்த்தார்கள்: பங்கிடுபவருக்கு நிச்சயமான ஒரு தொகை, அவருடைய வருமானம் யார் கையிலும் இல்லை. சாய்வு மறைந்துவிட்டது. மொய் எழுதும் வழக்கம் தெரிந்த நமக்கு இதில் வியப்பு இருக்காது. முகம் தெரியாத பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கும் கவர் கொடுப்பது, நாளை நம் வீட்டுக்கு யார் வருவார்கள் என்ற கணக்கில்தான்.

யாமகிஷி சொல்வது சரியென்றால் தன்னவர் சார்பு என்பது அன்பும் இல்லை, பெருமிதமும் இல்லை; ஒருவகைக் காப்பீடு. எனக்கு இது பாதி சம்மதம். 19/25ஐ விட்டுவிட்டு 11/9ஐ எடுக்கும் பையனைக் காப்பீட்டுக் கணக்கால் விளக்க முடியவில்லை. எல்லோரும் வலது கோடிக்குப் போயிருந்தால் அவன் குழு முழுவதற்கும் அதிகம் கிடைத்திருக்குமே. அந்த இடது பக்கச் சாய்வில் லாபக் கணக்குக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று இருக்கிறது. அடுத்தவனைவிட ஒரு படி மேலே நிற்கும்போது கிடைக்கும் ருசி என்று வைத்துக்கொள்ளலாம். தாஜ்ஃபெலும் ஜான் டர்னரும் 1979இல் எழுதிய சமூக அடையாளக் கோட்பாடு, குழுவின் உயரத்தில் தன் உயரத்தைப் பார்த்துக்கொள்ளும் மனம் என்று இதை விளக்கியது.

வேறு இரண்டு செய்திகளும் உண்டு. ஜெர்மனியில் அமெலி மும்மெண்டை, பணத்துக்குப் பதிலாகக் காதைக் கிழிக்கும் சத்தம் போன்ற விரும்பத்தகாதவற்றைப் பங்கிடச் சொன்னபோது பாகுபாடு பெருமளவு அடங்கிவிட்டது. கூட்டிக் கொடுக்கத் தயங்காத கை, தண்டனையை ஒருவர் தலையில் கூட்டி வைக்கத் தயங்கியது. நியூசிலாந்தில் மார்கரெட் வெதரெல் செய்த சோதனைகளில் பொலினேசியக் குழந்தைகள் வெள்ளையர் குழந்தைகளைவிட அடுத்த குழுவுக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். வித்தியாசத்தைப் பெரிதாக்கும் வேகம் அவர்களிடம் குறைவு. விருந்தினருக்கு முதலில் கொடுக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அடுத்த குழு என்றால் என்ன பொருள் என்பதும் வேறாகத்தான் இருக்கும். ஆக, ‘மனித இயல்பு’ என்று ஒரே வார்த்தையில் இதை மூடிவிட முடியாது.

இன்னொரு குறையை ஆய்வாளர்கள் அன்று கவனித்ததாகவே தெரியவில்லை. இந்த ஆரம்பச் சோதனைகளில் பங்கேற்றவர்கள் எல்லோரும் ஆண் பிள்ளைகள். தாஜ்ஃபெலின் துறையில் பெண்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பது அவர் 1982இல் இறந்து நெடுநாள் கழித்தே பொதுவெளிக்கு வந்தது. பெண் மாணவர்களிடமும் சக ஊழியர்களிடமும் அவர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்ற சாட்சியங்களுக்குப் பிறகு, அவர் பெயரைத் தாங்கியிருந்த விருதின் பெயரை ஐரோப்பியச் சமூக உளவியல் சங்கம் 2019இல் நீக்கியது. தாளில் இருந்த கட்டங்களின் உண்மை இதனால் மாறிவிடாது. ஆனால் பாகுபாட்டைப் பற்றி எழுதும்போது அவர் படத்தை மாலை போட்டு மாட்டிவிட்டுத் தொடங்க என்னால் முடியவில்லை.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே

2005இல் மார்க் லெவினும் சக ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகர்களைச் சேர்த்தார்கள். அந்த அணியை ஏன் பிடிக்கும் என்று எழுதவைத்துவிட்டு, அடுத்த கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். வழியில் ஒருவன் ஓடிவந்து இடறி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்துவான். அது ஏற்பாடு. அவன் மான்செஸ்டர் சட்டை போட்டிருந்தபோது 13 பேரில் 12 பேர் நின்று உதவினார்கள். பரம வைரியான லிவர்பூல் சட்டை என்றால் 10 பேரில் மூவர்தான்.

பிறகு ஒரே ஒரு மாற்றம். இன்னொரு முறை, மான்செஸ்டர் ரசிகர்களிடமே, கால்பந்து ரசிகராக இருப்பதில் என்ன மகிழ்ச்சி என்று எழுதச் சொன்னார்கள். அணியின் பெயர் பேச்சில் வரவில்லை. இப்போது லிவர்பூல் சட்டைக்காரன் விழுந்தபோது 10 பேரில் 7 பேர் உதவினார்கள். அதே சட்டை, அதே வலி. கோடு மட்டும் ஓர் அடி தள்ளி வரையப்பட்டிருந்தது. எந்த அணியின் சட்டையும் இல்லாமல், சாதாரணச் சட்டையில் விழுந்தவனுக்கு இரண்டு முறையும் பெரிய உதவி கிடைக்கவில்லை.

கால்பந்துச் சட்டையை மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாத முத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்கள் விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். கல்வித் தகுதியும் அனுபவமும் ஒன்றுபோல இருக்க, பெயரில் மட்டும் வேறுபாடு: உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

விண்ணப்பங்களைப் பிரித்தவர்கள் யாரையும் திட்டவில்லை, யாரையும் விரட்டவில்லை. சில உறைகளை மேலே எடுத்துவைத்தார்கள். சில அடியிலேயே கிடந்தன. பிரிஸ்டல் பையன் 13ஐ விட்டு 11ஐத் தொட்ட அதே அளவு அசைவுதான்.

அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்கா, காதரின் நியூமன் இருவரும் டெல்லிப் பகுதி நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரைப் பேட்டி கண்டார்கள். திறமை ஒன்றுதான் எங்களுக்கு முக்கியம் என்றார்கள் மேலாளர்கள். நேர்காணலில் என்ன கேட்பீர்கள் என்றால், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றார்கள். அப்பா என்ன செய்கிறார், யார் யார் படித்திருக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து வருகிறார். வருபவர் நிறுவனத்தின் சூழலுக்குப் பொருந்துவாரா என்று பார்க்க வேண்டுமாம். பொருந்துவது என்றால் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்களோடு. ஒப்புமை இங்கே தகுதி என்ற வேடத்தில் வருகிறது.

தமிழ்நாட்டில் தோரட்டின் ஆய்வை அப்படியே செய்ய முடியாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தது. பிறகு வந்த தலைமுறைகளில் பட்டம் உதிர்ந்து, தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் முன்னால் நின்றது. விண்ணப்பத்தின் முதல் வரியைப் பார்த்து இங்கே யாரும் சாதியை எளிதில் கண்டுபிடித்துவிட முடியாது. முத்திரையை வெள்ளை பூசி அழித்த ஊர்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

அதனால் இங்கே பேச்சு வேறு விதமாக நடக்கும். வாடகைக்கு வீடு கேட்டுப் போயிருப்பீர்கள். வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, மிகுந்த மரியாதையோடு தொடங்குவார்.

“தம்பிக்குச் சொந்த ஊர்?”

சொல்வீர்கள்.

“அட, நமக்குத் தெரிந்த ஊர்தான். அதில் எந்தத் தெரு?”